மதியம் யாரு முறை

"ரேட்டு எம்புட்டு?" என்று கேட்டது போனில் ஓர் ஆண்குரல்.

நாகஜோதி வயிறு உப்பிய குட்டியை மடியில் கிடத்திக்கொண்டு ஆட்டுக் கொட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் இஞ்சிச்சாறு கலந்த கடலை எண்ணெய், மறு கையில் குட்டியின் வாய். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில்.

"உயிர் எடைக்கா, கண்ணால பாத்துப் பேசுறீகளா?"

"பாத்துத்தான்."

"அப்ப நேர்ல வாங்கண்ணே. நாகமலை புதுக்கோட்டையில எறங்கி ஆட்டுக்காரம்மா வீடுன்னு கேளுங்க. எத்தனை வேணும்?"

"ஒண்ணு போதும். என்ன வயசு?"

"ரெண்டு பல்லு போட்டிருக்கு. ஒரு ஈத்து ஆயிருச்சு."

அந்தப் பக்கம் மூன்று நான்கு பேர் சேர்ந்து சிரிக்கும் சத்தம் கேட்டது.

"ஆடு வாங்குறதுக்கு இம்புட்டுச் சிரிப்பா?" என்றபடி எண்ணெயை ஊற்றினாள். குட்டி தும்மியது. லைன் அறுந்தது.

அடுத்து பேசியவர் திருநெல்வேலிக்காரர். அவரும் ரேட்டுத்தான் கேட்டார். மூன்றாவது ஆள் சுற்றி வளைக்கவில்லை. அவன் கேட்டது இன்னதென்று விளங்கியபோது நாகஜோதிக்குக் காது மடல் சுட்டது. திருநெல்வேலிக்காரர் ஆட்டைத்தான் கேட்டாரா என்பதுகூட இப்போது சந்தேகமாகிப் போனது. குட்டியின் வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தாள். அது ஏப்பம் விட்டு எழுந்து நின்ற பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

நாற்பத்து மூன்று வயது அவளுக்கு. ஆட்டுக்குப் பல் பார்ப்பது எப்படி, துள்ளுமாரி நோய்க்கு ஊசி எந்த மாதம் போடுவது, பிறந்த குட்டியைக் கொடாப்புக் கூடைக்குள் எத்தனை நாள் கவிழ்த்து வைப்பது என்று இரண்டு வருடமாக வீடியோவில் பேசி வருகிறாள். படம் பிடிப்பது மகள் முத்துமீனா. யுனிவர்சிட்டியில் கம்ப்யூட்டர் படிக்கிறவள், ஆடுகளின் படத்தைப் போட்டு ஒரு வெப்சைட்டும் செய்து கொடுத்திருந்தாள். தர்மபுரியிலிருந்தெல்லாம் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்கிறார்கள். புருஷன் விருமாண்டிக்கு அதில் பெருமை உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

மத்தியானம் மூச்சிரைக்க வந்து நின்றாள் முத்துமீனா.

"அம்மா, புது நம்பர் எதையும் எடுக்காத."

"ஏன், உனக்கும் தெரிஞ்சு போச்சா?"

"காலேஜ்ல பிரெண்டு காட்டுனா. ஒம் பேர்ல, ஒம் படத்தைப் போட்டு எவனோ அக்கவுன்ட் ஆரம்பிச்சிருக்கான். ஒம் மூஞ்சிய வேற எவளோ ஒடம்புல ஒட்டி, போன் நம்பரையும் குடுத்து..." மேலே சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "நம்ம சைட்லயும், ஆட்டுப் படத்துக்குக் கீழ எல்லாம் அதே மாதிரி எழுதி வச்சிருக்கான்."

"அழிச்சுத் தொலை எல்லாத்தையும்."

"அழிக்கக் கூடாதும்மா. அழிச்சா எவன்னு கண்டுபிடிக்க நம்ம கையில ஒண்ணும் இருக்காது."

"சாணிய அள்ளாம வாசல்லயே வச்சுக்கச் சொல்றியா?"

"கொஞ்ச நாளைக்கு. இங்க பாரு, அவன் எழுதுன ஒவ்வொண்ணுக்குப் பக்கத்துலயும் தேதி, நேரம், ஒரு நம்பர் எல்லாம் விழுந்திருக்கு. ஐபி அட்ரஸ்னு பேரு. எந்த லைன்ல இருந்து வந்தான்னு காட்டும்."

"வீட்டுக் கதவு நம்பர் மாதிரியா?"

"அப்படித்தான்னு வச்சுக்கயேன்."

அந்த நம்பர் எந்த ஊர் என்று தேடிச் சொல்வதற்கென்றே ஒரு சைட் இருந்தது. முத்துமீனா போட்டுப் பார்த்தாள். மேப் சுற்றிச் சுற்றி வந்து ஓர் இடத்தில் சிவப்புப் புள்ளியைக் குத்தியது. பேரையூர்.

அதுவரை வாசற்படியில் அகத்திக்கீரைக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்த விருமாண்டி எழுந்தார். ஆணியில் கிடந்த சட்டையை எடுத்து உதறினார்.

"எங்க கெளம்பிட்டீக?"

"பேரையூருக்குத்தான். தை மாசம் கெடா வாங்க வந்து வம்பு பண்ணிட்டுப் போனானே ஒருத்தன், அவன் அந்த ஊருதான்."

"பேரையூர்ல எந்தத் தெரு?"

"போய்க் கேட்டுக்கிறேன்."

"என்னன்னு கேப்பீக? எம்பொண்டாட்டியப் பத்தி அசிங்கமா எழுதுனவன் வீடு எதுங்கன்னா?"

விருமாண்டிக்கு ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றது.

"அப்பா, ஒரு நிமிஷம் இரு," என்று முத்துமீனா கேபிள்காரர் பாண்டிராஜுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். காளவாசலில் கடை வைத்திருக்கிற அவர்தான் இந்தப் பக்கத்துக்கெல்லாம் இன்டர்நெட் லைனும் கொடுப்பவர். நம்பரை ஒவ்வோர் இலக்கமாகவும், மேப் காட்டிய ஊரையும் கேட்டுக்கொண்டார்.

"விருமாண்டி அண்ணே, அந்த மேப்பை நம்பி எங்கயும் போயிராதீக. எங்க கம்பெனி மிஷின் வச்சிருக்குற ஊரு பேரையூரு. நாகமலை அடிவாரத்துல ஒக்காந்து எழுதுனாலும் அது பேரையூர்னுதான் காட்டும்."

"அப்ப இது உங்க லைன்தானாண்ணே?" என்றாள் முத்துமீனா.

பாண்டிராஜ் கொஞ்சம் தயங்கினார்.

"எங்க கம்பெனி நம்பருதான் பாப்பா. ஆனா ஒரே நம்பரை நூறு வீட்டுக்குப் பிரிச்சு விடுவாங்க. இன்ன நாளு, இன்ன நிமிஷம்னு போலீஸ் எழுதிக் கேட்டா, எந்த வீடுன்னு கம்பெனி எடுத்துக் குடுக்கும். நான் சொல்லக் கூடாது. எனக்குத் தெரியவும் செய்யாது."

போன் அடங்கியது. பங்குனி வெயில் முற்றத்தில் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. பேரையூரில் எங்கோ இருந்த ஆள், சட்டென்று பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டான்.

"அப்ப போலீஸுக்கே எழுதிக் குடுப்போம்," என்றாள் நாகஜோதி.

அதே காம்பவுண்டில் மேலவீடு, விருமாண்டியின் அண்ணன் அழகுபாண்டியுடையது. அவர் ஒரு காலேஜில் பகல் வாட்ச்மேன். மனைவி ரெங்கம்மாள் மில்லுக்குப் போகிறவள். ஒரே மகன் பேச்சிமுத்துக்கு இருபத்தொன்பது வயது. வேலை பார்த்த பைக் ஷோரூமை மூடிவிட்டதால் நாலு மாதமாக வீட்டில் இருக்கிறான். இரண்டு வீட்டுக்கும் கிணறு ஒன்று. ஒருநாள் அண்ணன் வயலுக்குத் தண்ணீர், மறுநாள் தம்பி வயலுக்கு. அப்பன் காலத்து முறை அது, இன்றுவரை யாரும் தவறியதில்லை.

இன்டர்நெட்டும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. விருமாண்டி பெயரில் ஒரே லைன், பெட்டி மோட்டார் ரூமில். இருப்பதிலேயே சின்ன பிளான். பகலில் இரண்டு வீடும் சேர்ந்து இழுத்தால் படம் நகராமல் சுற்றிக்கொண்டே நிற்கும். பார்த்தார் விருமாண்டி. இதற்கும் முறை வைத்துவிட்டார். காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தம்பி வீடு. பன்னிரண்டிலிருந்து ஆறு வரை அண்ணன் வீடு. அதற்கு மேல் இரண்டு வீட்டுக்கும் பொது. மணியடித்ததுபோல் போய் ஒரு வயரைப் பிடுங்கி இன்னொன்றைச் செருகுவார். பாண்டிராஜ் முதலில் பார்த்தபோது, "வைபைக்கு மடை மாத்துற ஆள நான் இப்பத்தான்ணே பாக்குறேன்," என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

அன்று சாயங்காலம் மேலவீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

"ஏத்தா நாகஜோதி, நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காத," என்றார் அழகுபாண்டி. "வீடியோ கீடியோ எல்லாம் நமக்கு எதுக்கு? ஆட்ட வித்தமா, வீட்டப் பாத்தமான்னு இருந்துரு."

"ஆட்ட விக்கத்தான் மாமா பேசுறேன்."

"சித்தி, போலீஸெல்லாம் வேணாம்," என்றான் பேச்சிமுத்து. "நம்ம ஆட்டு சைட்டை மொத்தமா அழிச்சிருங்க. ரெண்டு நாள்ல எல்லாரும் மறந்துருவாங்க."

"எல்லாரும் மறப்பாக. நான் மறப்பனாடா?"

அவன் கால் விரலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தான். ரெங்கம்மாள் மட்டும் போகும்போது நின்று, "எவன் பெத்த பிள்ளையோ, வெளங்குவானா அவன்," என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டிவிட்டுப் போனாள்.

புகாரை முதலில் ஆன்லைனில் போட்டார்கள். இரண்டாம் நாள் சைபர் கிரைம் ஸ்டேஷனுக்கு நேரில் போனார்கள். எஸ்.ஐ. மீனலோசனி எல்லாப் பக்கங்களையும் வாங்கி நிதானமாகப் படித்தார். படிக்கும்போது நாகஜோதியின் முகத்தைப் பார்க்காமலிருந்தது அவருடைய நாகரிகம்.

"நல்ல வேளை, எதையும் அழிக்காம கொண்டு வந்தீங்க. அந்த அக்கவுன்ட்டை எடுக்கச் சொல்லி எழுதிடுறேன். எந்த லைன்னு பதில் வர மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் யார் தப்பாப் பேசினாலும் நம்பரையும் நேரத்தையும் குறிச்சு வைங்க. முடியுமா?"

"குறிச்சிருவேன்மா."

குறித்தாள். கொட்டத்துச் சுவரில் கரித்துண்டால் வரிசையாக எழுதினாள். ஆட்டுக்குக் குழை வெட்டப் போனால் திரும்பி வந்து, பால் பீய்ச்சினால் கையைத் துடைத்துவிட்டு. முதல் வாரம் போன் நாலைந்து தடவை அடித்த பிறகுதான் எடுத்தாள். இரண்டாம் வாரம் அவளே ஒருவனிடம் கேட்டாள்: "தம்பி, பேரைச் சொல்லு. நம்பரு எழுதிட்டேன், பேருதான் பாக்கி. போலீஸ்காரம்மா கேப்பாக." அவன் வைத்த வேகத்தில் காது அதிர்ந்தது. அன்றைக்கு அவள் கரித்துண்டோடு நின்று கொஞ்ச நேரம் சிரித்தாள்.

வீடியோவையும் நிறுத்தவில்லை. புதன்கிழமை துள்ளுமாரி ஊசியைப் பற்றிப் பேசினாள். படம் பிடிக்கும்போது, "அம்மா, கொஞ்சம் சிரிச்ச மாதிரி பேசேன்," என்றாள் முத்துமீனா.

"துள்ளுமாரிக்கு என்னடி சிரிப்பு?" என்றாள் நாகஜோதி.

மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீனலோசனியின் போன் வந்தது. களி கிண்டிக்கொண்டிருந்த நாகஜோதி துடுப்பை மகளிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து பேசினாள். பேச்சு நாலே வார்த்தை. திரும்பி வந்தவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"என்னாச்சும்மா? லைன் தெரிஞ்சிருச்சா?"

"தெரிஞ்சிருச்சு. விருமாண்டிங்கிற பேர்ல இருக்காம். திங்கக்கெழம உங்க வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வாங்கங்குது."

துடுப்பு நின்றுவிட்டது. களி அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. முத்துமீனா போனை எடுத்துத் தன்னுடைய குறிப்பைப் பார்த்தாள். சைட்டில் அவன் எழுதிய நேரங்கள்: காலை எட்டு நாற்பத்திரண்டு. ஒன்பது ஐந்து. மறுபடி எட்டு ஐம்பது. எல்லாமே காலை. காலையில் லைன் இவர்கள் வீட்டு முறை. முத்துமீனா எட்டு மணி பஸ்ஸுக்குப் போய்விடுவாள். நாகஜோதி ஆட்டைப் பத்திக்கொண்டு மலையடிக்குப் போய்விடுவாள். வீட்டில் இருப்பது ஒருவர்.

நாகஜோதி புருஷனைப் பார்த்தாள்.

ஒரு நொடிதான். விருமாண்டி அதைப் பார்த்துவிட்டார்.

"என்னையவா பாக்குற?"

"நான் ஒண்ணும் சொல்லலயே."

"சொல்லல. பாத்த." அவர் குரல் உயரவில்லை. "எம் பேரையே எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். நான் போன்ல கதை எழுதுனேனாக்கும்."

"அப்பா, இரு," என்றாள் முத்துமீனா. "இந்த எட்டு நாப்பத்திரெண்டு, அது பதிமூணாந் தேதி, வெள்ளிக்கெழம. அன்னைக்கிக் காலையில நீங்க ரெண்டு பேருமே சந்தைக்குப் போயிட்டீக. வீடு பூட்டிக் கெடந்துச்சு. சாவி எங்கிட்டல்ல இருந்துச்சு."

"பூட்டுன வீட்டுக்குள்ள இருந்து எவன் எழுதுனான்?" என்றாள் நாகஜோதி.

முத்துமீனா ஏதோ நினைத்தவளாக, சைட்டைத் திறந்து ஓர் ஆட்டுப் படத்துக்குக் கீழே 'சோதனை' என்று தானே எழுதி அனுப்பினாள். பிறகு, அது எந்த நேரம் என்று விழுந்திருக்கிறது எனப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள்.

"அம்மா, இப்ப மணி எம்புட்டு?"

"ஆறு பத்து."

"இதுல பன்னெண்டு நாப்பதுன்னு விழுந்திருக்கு." நெற்றியில் அடித்துக்கொண்டாள். "சைட்டுக் கடிகாரத்தை நான் நம்ம ஊருக்கு மாத்தி வைக்கவே இல்லை. இது லண்டன் நேரம்மா. அஞ்சரை மணி நேரம் கூட்டணும். எட்டு நாப்பத்திரெண்டுன்னா..."

விரல் விட்டு எண்ணியது விருமாண்டிதான். எண்ணி முடித்ததும் அவர் முகம் இன்னும் கறுத்துவிட்டது.

"மதியம் ரெண்டேகால்."

மதியம் யார் முறை என்று அந்த வீட்டில் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"எல்லாத்துக்கும் கூட்டிப் பாத்துட்டியா?" என்றாள் நாகஜோதி.

"பாத்துட்டேன். பதினேழுல பதினேழும் மதியம்தான்."

களிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு நாகஜோதி மேலவீட்டுக்கு நடந்தாள். பின்னால் விருமாண்டியும் மகளும். மில்லிலிருந்து வந்த ரெங்கம்மாள் தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தாள். அழகுபாண்டி யூனிபார்ம் பேன்ட்டோடு கட்டிலில். பேச்சிமுத்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால்.

நாகஜோதி சுற்றி வளைக்கவில்லை. லைன் யார் பெயர், நேரம் எது, இரண்டையும் சொன்னாள்.

"வயர் மாறி இருந்திருக்கும்," என்றார் அழகுபாண்டி. "ஒரு நாளு ரெண்டு நாளு விருமாண்டி மறந்திருப்பான்."

"அண்ணே, தண்ணி முறையில நான் என்னைக்காச்சும் மறந்திருக்கேனா?"

ரெங்கம்மாள்தான் பேசினாள். யாரிடம் என்றில்லாமல், முற்றத்தைப் பார்த்துப் பேசினாள்.

"மதியம் எங்க முறைதான். இவுக டூட்டியில இருப்பாக. நான் மில்லுல இருப்பேன்." பிறகு மகனிடம் திரும்பினாள். "டேய் பேச்சி. நான் அன்னைக்கி மண்ணை வாரித் தூத்தப் பாத்தேனே, அது ஒன்னையவாடா?"

பேச்சிமுத்து தட்டிலேயே கை கழுவினான்.

"பொண்ணு பாக்கப் போன எடத்துல சிரிச்சாங்கம்மா. போன்ல பல்ல இளிச்சுக்கிட்டு ஆடு விக்குற பொம்பள வீட்டுப் பையனான்னு கேட்டாங்க. ரெண்டு எடத்துல. அசிங்கப்பட்டாச் சித்தி நிறுத்திருவாகன்னு நெனச்சேன். இம்புட்டுப் பேரு போன் பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

"அந்தப் படத்த ஒட்டும்போதுகூடத் தெரியலையாண்ணே?" என்றாள் முத்துமீனா.

அழகுபாண்டி எழுந்து வந்து மகன் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டார். "விழுடா சித்தி கால்ல. விழு. பங்காளிக்குள்ள நடந்தது பங்காளிக்குள்ளயே தீரட்டும்."

பேச்சிமுத்து குனிந்தான். நாகஜோதி இரண்டடி பின்னால் போனாள்.

"விழாத. விழுந்தா நான் தூக்கணும். தூக்கிட்டேன்னா முடிஞ்சு போச்சும்பீக."

"ஏத்தா, கேசானா அவனுக்கு வேலை கெடைக்குமா? பொண்ணு கெடைக்குமா?" என்றார் அழகுபாண்டி. தம்பி பக்கம் திரும்பினார். "விருமாண்டி, லைன் உம் பேர்ல இருக்கு. பாஸ்வேர்டை எவனோ திருடிட்டான்னு ஒரு வார்த்தை சொல்லு. ஒனக்கும் ஒண்ணுமில்ல, இவனுக்கும் ஒண்ணுமில்ல. நீ மட்டும் சொன்னாப் போதும்டா."

விருமாண்டி ஒன்றும் பேசாமல் இறங்கிப் போய்விட்டார். அவர் எதற்குப் பேசாமல் போனார் என்று நாகஜோதிக்குத் தெரியவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆட்டைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள். நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் தன் முகத்துக்காகச் சொல்வார். அவளுக்கு அது வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மோட்டார் ரூமுக்குப் போய், எப்போதும்போல் அண்ணன் வீட்டு வயரைச் செருகிவிட்டு வந்தார் விருமாண்டி. அதை அவள் பார்த்தாள்.

திங்கட்கிழமை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவர், பக்கத்தில் அவள். காளவாசல் சிக்னலில் வண்டி வெகுநேரம் நின்றது. அனல் காற்றோடு புரோட்டாக் கடைச் சட்டுவச் சத்தம் வந்து போனது.

"அன்னைக்கி என்னையப் பாத்தேல்ல," என்றார் விருமாண்டி, வெளியே பார்த்தபடி.

"பாத்தேன். தப்புத்தான்."

"தப்புன்னு சொல்லல. நான் ஒன்னையப் பாத்திருந்தாலும் அப்படித்தான் பாத்திருப்பேன்."

ஸ்டேஷனில் மீனலோசனி தாளைத் திருப்பி வைத்தார்.

"அந்த அக்கவுன்ட்டுக்கு அவங்க கம்பெனி குடுத்த நேரமும் எல்லாம் மதியம் பன்னெண்டுக்கும் ஆறுக்கும் நடுவுல. விருமாண்டி, லைன் உங்க பேர்ல. உங்க வைபை பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும்?"

நாகஜோதி மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். மின்விசிறி மேசைமேலிருந்த தாள்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"பாஸ்வேர்டெல்லாம் எனக்குத் தெரியாதுங்கம்மா," என்றார் விருமாண்டி. "வயரைப் பிடுங்கி மாட்டுறது நான்தான். நான் ஒரு நாளும் தவறினது இல்லை. மதியம் எங்க அண்ணன் வீட்டு முறை. அந்த நேரத்துல அங்க இருக்கிறது அவரு மகன் ஒருத்தன்தான். எங்க முன்னாலயே ஒத்துக்கிட்டான். எழுதிக்கங்க."

சொல்லி முடித்துவிட்டுத் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். வேர்வையா வேறா என்று நாகஜோதி திரும்பிப் பார்க்கவில்லை.

மீனலோசனி எழுதினார். "பேரு?"

"பேச்சிமுத்து."

"அம்மா, நீங்க சொல்லுங்க. சொந்தக்காரங்க. இப்பவும் யோசிக்கலாம். எழுதிட்டா நான் கூப்பிட்டு விசாரிச்சே ஆகணும்."

"யோசிச்சுட்டுத்தான்மா பஸ் ஏறுனேன். கூப்பிடுங்க. அடிக்காதீக. ஆனா செஞ்சதை அவன் கையாலயே எழுதி வாங்குங்க."

"அடிக்கவெல்லாம் மாட்டோம்." பேனா அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது. "இந்தப் பேச்சிமுத்து உங்களுக்கு என்ன வேணும்?"

"மகன்."

மீனலோசனி நிமிர்ந்தார். "உங்களுக்கு ஒரே பொண்ணுன்னு சொன்னீங்க?"

"அவுக அண்ணன் மகன் எனக்கு மகன்தானங்கம்மா."

"அது சரி. அப்ப, கணவரோட அண்ணன் மகன்னு போட்டுக்கிறேன்."

"வேணாம்மா," என்றாள் நாகஜோதி. "மகன்னே போடுங்க."

மீனலோசனி ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு அப்படியே எழுதினார். தாளைத் திருப்பி, பேனாவையும் நீட்டினார். நாகஜோதி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். அந்தச் சொல் வந்த இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு கீழே இறங்கி, காட்டிய இடத்தில், முழுப் பெயரும் விளங்கும்படி கையெழுத்துப் போட்டாள்.